காம்பராவுக்குள் வந்த மலை

 

இந்தப் பக்கத்தை மடியில் வைத்துவிட்டு ஒரு நிமிடம் கண்களை மூடிக்கொள்ளுங்கள். உங்கள் குசினி ஜன்னலுக்கு வெளியே என்னென்ன தெரியும் என்று மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். எத்தனை மரங்கள் நிற்கின்றன? காலை வெயில் முதலில் எந்தக் கூரையைத் தொடும்? தேயிலை முடிந்து காடு தொடங்கும் கோடு மலையில் எந்தப் பக்கமாகப் போகிறது? பத்து வருடமாக அதே ஜன்னலருகில் நின்று ரொட்டி சுடும் பெண்ணுக்கும் விடை சட்டென்று வராது. கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை. தினமும் காண்பதைக் கண் கவனிக்காமல் விட்டுவிடுகிறது, அவ்வளவுதான்.

"மனதில் ஒன்றும் தோன்றுகிறதே இல்லை" என்று சொல்லும் பிள்ளைகளை நான் அடிக்கடி காண்கிறேன். கட்டுரை எழுத உட்கார்ந்த மாணவி, பெருநாள் மருதாணிக்குப் புதுக் கோலம் தேடும் குமர்ப்பிள்ளை, தலையணை உறையில் பூ வேலை செய்யத் தொடங்கிப் பாதியில் நிறுத்திய தாய் என்று பலருக்கும் இதே முறைப்பாடு. கற்பனை வற்றிவிட்டது என்று இவர்கள் நினைக்கிறார்கள். வற்றியது பார்வை. ஊற்றை மூடிய சருகை வழித்து எடுத்தால் நீர் தானாகச் சுரக்கும்.

சருகை எடுக்க ஒரு நல்ல கருவி படப்பிடிப்பு. இன்று அநேகமாக ஒவ்வொரு வீட்டிலும் கையடக்கத் தொலைபேசிக்குள் ஒரு கமரா இருக்கிறது. அதைப் பெருநாளன்று வரிசையாக நின்று சிரிப்பதற்கு மட்டும் பயன்படுத்துகிறோம். அதே கமராவைக் கொண்டும், சில வேளை கமராவே இல்லாமலும், கண்ணை விழிக்க வைக்கும் யுக்திகள் சில உண்டு. எதற்கும் செலவு அதிகமில்லை. மலையகத்து வீடுகளில் இருந்தபடியே செய்யலாம்.

ஆணித் துளையில் சூரியன்

தகரக் கூரையில் ஆணி கழன்ற துளை வழியே தரையில் வெயில் வட்டமாக விழுவதைப் பார்த்திருப்பீர்கள். துளை கோணலாக இருந்தாலும் தரையில் விழும் ஒளி வட்டமாகவே இருக்கும். ஏன்? அந்த வட்டம் துளையின் உருவம் அல்ல, சூரியனின் உருவம். 2019 டிசம்பர் 26ஆம் திகதி காலை இலங்கையில் சூரிய கிரகணம் தெரிந்தபோது, இத்தகைய வட்டங்கள் பிறைகளாக மாறின.

இந்த விந்தையை ஏறத்தாழ ஆயிரம் வருடங்களுக்கு முன் ஆராய்ந்தவர் இப்னுல் ஹைதம் என்ற பேரறிஞர். பஸராவில் 965ஆம் ஆண்டளவில் பிறந்து, கெய்ரோவில் 1040ஆம் ஆண்டளவில் வபாத்தானவர். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் பார்க்கிறோம் என்று அதற்கு முன் பலர் நம்பியிருந்தனர். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதாலேயே பார்வை உண்டாகிறது என்று அவர் நிறுவினார். இருட்டறையின் சிறு துளைக்கு வெளியே பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வைத்தார். உள்ளே சுவரில் அத்தனை ஒளிப் பொட்டுகள் தனித்தனியே விழுந்தன. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறைந்தது. ஒளி நேர்கோட்டில் செல்கிறது, ஒன்றோடொன்று கலந்து குழம்புவதில்லை என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமா? கிரகணத்தின் வடிவம் பற்றியும் தனியாக ஒரு நூல் எழுதினார். 'கிதாபுல் மனாழிர்' என்ற அவரது ஏழு பாகப் பெருநூல் பின்னர் லத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு, 1572இல் பாசல் நகரில் அச்சாகி, ஐரோப்பிய அறிஞர்களின் கைக்குப் போனது.

அரபியிலிருந்துதான் 'கமரா' என்ற சொல் வந்தது என்று மேடைகளில் சிலர் பேசுவதுண்டு. நம்மவரின் பெருமைக்கு அந்தக் கதை தேவையில்லை. கமரா என்பது லத்தீனில் அறை. இருட்டறை என்ற பொருள் தரும் இரு சொற்களில் ஒன்று மட்டும் எஞ்சிக் கருவிக்குப் பெயராயிற்று. இதில் நமக்கு நெருக்கமான செய்தி வேறொன்று உண்டு. அதே லத்தீன் சொல் போர்த்துக்கேயர் வாய் வழியாக இந்நாட்டுக்கு வந்து சிங்களத்தில் 'காமரய' ஆயிற்று. தோட்டத்து மக்கள் லயத்தில் தம் இருப்பிடத்தைச் சொல்லும் 'காம்பரா'வும் அந்தக் குடும்பத்துச் சொல்தான். கமராவும் காம்பராவும் ஒரு தாய் பிள்ளைகள்!

செய்து பாருங்கள்

வெயில் நன்றாக எறிக்கும் நேரத்தில், வெளிச்சமான மலையையோ தெருவையோ நோக்கிய ஜன்னல் உள்ள அறையைத் தெரிந்தெடுங்கள். ஜன்னலைக் காட்போட் மட்டையாலும் கறுப்புப் பொலித்தீனாலும் கசிவு இல்லாமல் மூடுங்கள். நடுவில் சுண்டுவிரல் நுனி அளவு ஒரு துளை போடுங்கள். எதிர்ச் சுவர் வெள்ளையாக இல்லாவிட்டால் வெள்ளைத் துணி ஒன்றைத் தொங்கவிடுங்கள். பின்னர் பத்து நிமிடம் பொறுமையாக இருட்டில் உட்காருங்கள்.

எங்கள் விடுமுறை வகுப்பில் இதைச் செய்தபோது முதல் ஐந்து நிமிடம் பிள்ளைகளிடையே சிரிப்பும் கிசுகிசுப்பும்தான். பிறகு ஒரு சிறுமி, "மௌலவி, மலை தலைகீழா நிக்கிது!" என்று கத்தினாள். ஆம், வானம் கீழே, தேயிலை மேலே. பாதையில் போன முச்சக்கர வண்டி ஒன்று கூரையோரமாகக் கவிழ்ந்தபடி ஓடியது. தினமும் அவர்கள் ஏறி இறங்கும் அதே மலைதான். அன்று அவர்கள் எழுதிய கட்டுரைகளில் ஒருத்தியுடையதுபோல் இன்னொருத்தியுடையது இல்லை.

மலையுச்சியிலிருந்து வரும் ஒளி துளை வழியே நேராக இறங்கிச் சுவரின் அடியில் விழுகிறது, மலையடியின் ஒளி ஏறி மேலே விழுகிறது. ஆகவே தலைகீழ். துளை சிறுத்தால் உருவம் தெளியும், ஆனால் மங்கும். பெருத்தால் வெளிச்சம் கூடும், உருவம் கரையும். தொலைபேசியை ஒரு புத்தக அடுக்கில் அசையாமல் சாய்த்து வைத்து, இரவுப் படத்துக்குரிய முறையில் எடுத்தால், சுவரில் விழுந்த மலையையும் படமாக்கலாம்.

உருவப்படம் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதை நீங்கள் அறிவீர்கள். எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைக் முஹம்மத் பகீத் அல்முத்தீஈ, கமராப் படம் அல்லாஹ் படைத்த ஒன்றின் நிழலைப் பிடித்து நிறுத்துவதே என்று விளக்கி, அது ஆகும் என எழுதினார். தேவைக்கு மட்டுமே ஆகும் என்போரும் உளர். இங்கே நான் சொல்லும் பயிற்சிகளில் ஒன்றுக்கும் ஒருவரின் முகம் கட்டாயம் இல்லை. எந்தக் கருத்தைப் பின்பற்றும் வீட்டிலும் செய்யலாம்.

நாற்பத்தெட்டு வயதில் தொடங்கியவர்

"இந்த வயதில் இதெல்லாம் எங்களுக்கா?" என்று கேட்கும் தாய்மாருக்கு ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். கல்கத்தாவில் 1815இல் பிறந்த ஜூலியா மார்கரெட் கமரூன் என்ற ஆங்கிலப் பெண்மணிக்கு, 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளித்தனர். அப்போது அவருக்கு வயது 48. கோழிக் கூட்டைப் படம் பிடிக்கும் அறையாக மாற்றிக்கொண்டார். அக்காலப் படக்காரர்கள் ஒவ்வொரு இழையும் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்று பாடுபட்டபோது, இவர் வேண்டுமென்றே உருவத்தை மென்மையாகக் கரையவிட்டார். ஜன்னலின் ஒரு பக்க வெளிச்சத்தில், மிக அருகில், நிமிடக் கணக்காக ஒளியை உள்ளே விட்டு எடுத்தார். கண்ணாடித் தகட்டில் விழுந்த கீறலையும் கைரேகையையும் அழிக்கவில்லை. படத்தொழில் சஞ்சிகைகள் ஏளனம் செய்தன. இன்று படக்கலையின் முன்னோடிகளுள் ஒருவராக உலகம் அவரை வைத்திருக்கிறது.

அவருக்கும் நமது மலைநாட்டுக்கும் என்ன தொடர்பு? அவரது கணவர் சாள்ஸ் ஹே கமரூன், 1833இல் இலங்கையின் ஆட்சிமுறையை மாற்றிய கோல்புறூக் கமரூன் ஆணைக்குழுவின் அந்தக் கமரூன்தான். இங்கே அவருக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் தம்பதியர் இலங்கைக்கே வந்து குடியேறினர். ஜூலியா 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் காலமாகி, பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இலங்கையில் அவர் எடுத்த படங்களில் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு.

அந்தப் படங்களில் ஒரு குறை உண்டு, சகோதரிகளே. இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களில் பணிப்பெண்ணின் பெயர்கூடப் பதிவாகியிருக்கிறது. இங்கே அவர் முன் நின்ற தொழிலாளர்களின் பெயர்களோ அநேகமாக இல்லை. அவருக்குப் பின் வந்த கம்பனிகள் விற்ற தபால் அட்டைகளிலும் இதே கதைதான். 'கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்' என்று இருக்கும். அவள் யார், யாருடைய உம்மா அல்லது அம்மா, எந்த லயம் என்பது இருக்காது. நூற்றைம்பது வருடமாக இந்த மலைகளை உலகம் படம் பிடித்திருக்கிறது. மலையில் வாழ்பவர்களின் கண்ணால் எடுத்த படங்களோ குறைவு.

மஞ்சளும் வெயிலும்

இனி, கமராவே தேவைப்படாத ஒரு யுக்தி. வெள்ளைத் துணியில் பட்ட மஞ்சள் கறையை வெயிலில் காயவிட்டால் மங்கிப் போகும் என்பது நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் அறிந்தது. அதே அறிவுதான் இங்கே வேலை செய்கிறது. ஜூலியா கமரூனின் நண்பரும் விண்ணியல் அறிஞருமான ஜோன் ஹேர்ஷல், 1842இல் பூச்சாறுகளைத் தாளில் பூசி வெயிலில் படம் பதிக்கும் சோதனைகளை வெளியிட்டார். அதே வருடம் இரும்பு உப்புகளால் நீல நிறப் படம் பதிக்கும் முறையையும் கண்டார். மறு வருடமே அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி, அந்த நீலத் தாளில் கடற்பாசிகளை வைத்துப் பதித்த படங்களால் ஒரு நூலையே ஆக்கத் தொடங்கினார். படக்கலையால் சித்திரம் பெற்ற முதல் நூல் அதுவே என்பர். நமது கொழும்பில் பிறந்த லயனல் வென்ட் (1900 - 1944), பொருள்களை நேரே தாளில் வைத்து ஒளி பாய்ச்சியும், பல படங்களை ஒன்றாக இணைத்தும், கழுவும்போதே வெளிச்சம் காட்டி ஓரங்களைத் தலைகீழாக்கியும் புதுமைகள் செய்தார்.

வீட்டில் செய்யும் முறை இது. ஒரு மேசைக்கரண்டி மஞ்சள் தூளைச் சிறிதளவு சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கரைத்து, மெல்லிய துணியில் வடியுங்கள். ஸ்பிரிட் தீப்பற்றும், அடுப்படியில் வேண்டாம். அது இல்லாவிட்டால் சுடுநீரிலும் கரைக்கலாம், நிறம் சற்றுத் திட்டுத் திட்டாக வரும். தடித்த வெள்ளைத் தாளில் நிழலில் வைத்துப் பூசிக் காயவிடுங்கள். அதன் மேல் ஒரு பன்னத் தண்டையோ, இரண்டு இலையும் ஒரு மொட்டுமான கொழுந்தையோ, உம்மும்மாவின் பழைய பின்னல் துணியையோ பரப்பி, ஒரு கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வையுங்கள். நல்ல வெயிலில் சில மணி நேரத்தில் திறந்த இடம் வெளுத்துவிடும். மறைந்திருந்த இடத்தில் கொழுந்து மஞ்சளாக நிற்கும். வெளிச்சத்தில் தொங்கவிட்டால் அதுவும் மங்கும். ஆகவே புத்தகத்துக்குள் வைத்துப் பாதுகாருங்கள். பூ வேலைக்கும் மருதாணிக்கும் புதுக் கோலம் தேடுவோருக்கு இதைவிட நல்ல மாதிரிப் புத்தகம் கிடையாது.

பன்னிரண்டு படங்கள்

முன்பு பிலிம் சுருள் ஒன்றில் முப்பத்தாறு படம்தான். ஒரு பெருநாளும் ஒரு கலியாணமும் அதற்குள் அடங்க வேண்டும். எண்ணி எண்ணி எடுத்தோம், எடுக்குமுன் யோசித்தோம். இன்று எண்ணிக்கை இல்லாததால் யோசனையும் இல்லை. நீங்களே ஒரு வரம்பு போட்டுக்கொள்ளுங்கள். வாரத்துக்குப் பன்னிரண்டு படம். எடுத்ததை அன்றைய இஷா வரை திருப்பிப் பார்ப்பதில்லை, அழிப்பதும் இல்லை.

ஒரு வாரம் ஒரே பொருளைப் பன்னிரண்டு விதமாக எடுங்கள். தேத்தண்ணிக் கேத்தல் போதும். மேலிருந்து, தரையோடு, வெளிச்சத்துக்கு எதிரே, ஆவியோடு, ஆவியில்லாமல். ஐந்தாவது படத்தில் அலுப்பு வரும். எட்டாவதில்தான் புதிது பிறக்கும். இன்னொரு வாரம் நிழல்களை மட்டும் எடுங்கள். கொடியில் காயும் உடுப்பின் நிழல், கூடையின் நிழல், அஸர் நேரத்தில் நீளும் வேலிக் கம்பின் நிழல். வேறொரு வாரம் கைகளை மட்டும். மாப் பிசையும் கை, கொழுந்து கிள்ளும் கை, தஸ்பீஹ் மணி உருட்டும் மூத்தம்மாவின் கை. ஒரு முகம் சொல்லாததைச் சில வேளை ஒரு கை சொல்லும்.

காலைப் பனித் துளியில் மிக அருகில் கமராவைக் கொண்டு போங்கள். துளிக்குள் முழு மலையும் தலைகீழாக நிற்கும். மூடுபனி நாளை வீணான நாள் என்று நினைக்காதீர்கள். பனி தூரத்தை அழித்து, அருகில் நிற்கும் ஒற்றை மரத்தை மட்டும் உங்களுக்குத் தருகிறது. தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்துக்குப் போனால், எல்லோரும் பாலத்தை எடுக்கும்போது நீங்கள் பாலத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நில்லுங்கள். கச்சான் விற்கும் பெண்ணும், ரயிலுக்குக் காதைத் தீட்டும் நாயும் அங்கேதான் இருப்பார்கள்.

அல்காஷியா அத்தியாயம் ஒட்டகத்தையும் வானத்தையும் மலைகளையும் பூமியையும் கவனித்துப் பார்க்கவில்லையா என்று மனிதனைக் கேட்கிறது. அரபிகளுக்கு ஒட்டகத்தைவிடப் பழகிய பொருள் வேறென்ன? பழகியதைப் பார்ப்பதே கடினம் என்பதால்தான் அந்தக் கேள்வி பழகியதிலிருந்து தொடங்குகிறது போலும்.

மீரியபெத்த

இவ்வளவும் பொழுதுபோக்குக்காகவா என்று கேட்பவர்களை நான் மீரியபெத்தவுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். பெரகலையிலிருந்து வெல்லவாய போகும் பாதையில், தியலும நீர்வீழ்ச்சிக்குச் செல்லும் எத்தனையோ பேர் கமராவும் கையுமாகக் கொஸ்லந்தையைக் கடந்து போயிருக்கிறார்கள். மேலே மலைமடியில் இருந்த அந்தத் தோட்டப் பிரிவை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. 2014 அக்டோபர் 29ஆம் திகதி, புதன்கிழமை, காலை ஏழரை மணியளவில் மலை சரிந்தது. லயன்கள் வரிசையோடு மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. பலரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. பச்சை மலையில் மண்ணிறக் காயம் ஒன்றைக் காட்டும் படம் உலகம் முழுவதும் போனது. மீரியபெத்தவை உலகம் பார்த்த முதல் படம் அதுதான்.

அதற்கு முன்னைய மீரியபெத்த எங்கே? காம்பராச் சுவரில் மாட்டியிருந்த கலியாணப் படங்களும், தகரப் பெட்டியில் இருந்த பிள்ளைகளின் படங்களும் வீடுகளோடு மண்ணுக்குள் போய்விட்டன. இஸ்தோப்பில் காய்ந்த உடுப்பு, கொழுந்து மடுவத்துக்கு இறங்கும் படிகள், மாலை வெயில் விழுந்த கோயில் வாசல் இவற்றை யாராவது எடுத்து, அதன் ஒரு பிரதியை வேறிடத்தில் வைத்திருந்தால், இழந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய செல்வம்! அவர்கள் நம் அண்டை வீட்டார். பண்டாரவளையிலும் ஹப்புத்தளையிலும் கொஸ்லந்தையிலும் கடை வைத்திருக்கும் நம் குடும்பங்களின் கணக்குக் கொப்பிகளில் தோட்டத்து மக்களின் பெயர்கள் தலைமுறையாக இருந்து வந்தன. தபால் அட்டை மறந்த பெயர்களை நாம் மறக்கலாமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆனாலும் மக்கள் அங்கேயே வாழ வேண்டியிருந்தது. பின்னர் 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டத்து மலைகள் பல இடங்களில் சரிந்தன. ஆகவே ஒரு கடைசிப் பயிற்சி. வீட்டைச் சூழ நான்கைந்து இடங்களைக் குறித்து, ஒவ்வொரு மாதமும் அதே திகதியில், அதே கல்லில் நின்று, அதே கோணத்தில் ஒரு படம் எடுங்கள். மலைப் பனியாறுகள் சுருங்குவதை அறிஞர்கள் உலகுக்கு நிரூபித்த வழிகளில் இதுவும் ஒன்று. பன்னிரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பருவங்களின் அழகு தெரியும். அதோடு, சாயத் தொடங்கிய மரம், அகலும் சுவர் வெடிப்பு, புதிதாகக் கசியும் ஊற்று இவையும் தெரியும். வெடிப்பை எடுக்கும்போது பக்கத்தில் ஓர் அடிமட்டத்தை வையுங்கள். மாற்றம் கண்டால் கிராம சேவகரிடமும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் அறிவியுங்கள். மழை அடித்துக்கொண்டிருக்கும்போதோ நிலம் அசையும்போதோ படம் எடுக்க நிற்காதீர்கள். அந்நேரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறும் நேரம்.

அனுமதியும் அமானிதமும்

பிறர் வீட்டுக்குள் நுழையுமுன் அனுமதி கேட்கும் ஒழுக்கத்தை அந்நூர் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கிறது. கமராவும் ஒரு வாசல்தான். கொழுந்து மலையில் நிற்கும் பெண்ணிடம் கேட்காமல் எடுக்காதீர்கள். எடுத்தால் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், ஒரு பிரதியை அவரிடம் கொடுங்கள். துக்க வீட்டில் கமராவை வெளியே எடுக்கவே வேண்டாம். உங்கள் குமர்ப்பிள்ளைகளின் படங்களும் வீட்டு அடையாளமும் முகநூலில் ஊர் சுற்ற வேண்டியதில்லை. நல்ல படங்களை அச்சிட்டு, பின்புறத்தில் திகதியும் இடமும் பெயரும் பென்சிலால் எழுதி, ஒரு தொகுதியை வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் வையுங்கள்.

இந்த வாரமே தொடங்குங்கள். ஜன்னலுக்கு ஒரு மட்டை, அதில் ஒரு துளை, பத்து நிமிடப் பொறுமை. மலை உங்கள் அறைக்குள் வந்ததும் பிள்ளைகளை அழைத்து உட்கார வைத்து, கண்டதை ஒவ்வொருவரும் எழுதும்படி சொல்லுங்கள். அவர்கள் எழுதியதை எங்களுக்கும் அனுப்பி வைத்தால் மகிழ்வோம்.

அல்லாஹ் நம் பார்வையிலும் நம் மலைகளிலும் பரக்கத் செய்வானாக! மீரியபெத்தவில் அனைத்தையும் இழந்த அண்டை வீட்டாருக்கு ஆறுதலை நல்குவானாக! ஆமீன்.